அத்தான், அது நூற்றிரண்டு இல்லை

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்று, "ஏலே நாயகம், வெயில் ஏறுது, வாலே" என்று சத்தம் போட்ட என் அத்தானுக்கு,

திருவேங்கடம் ரோட்டில் நாம் பந்து அடிக்கிற கரிசல் காட்டில் மக்காச்சோளத்தை அறுத்து முடித்துவிட்டார்கள். மிச்சம் கிடந்த தட்டையை மாடுகள் மேய்ந்து, தரை துப்புரவாகக் கிடக்கிறது. இருநூறு கஜத்துக்கு அடையாளமாக நீங்கள் வேலிக்கருவை மரத்தில் கட்டிவைத்த சிவப்புத் துணி இன்னும் இருக்கிறது. வெயிலில் வெளுத்துப் பாதி நிறம் போய்விட்டது.

நீங்கள் போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. வடிவு அக்கா இருக்கிறாள். கோயிலுக்குப் போகிறாள், பாலில் தண்ணீர் அதிகம் என்று பால்காரரோடு சண்டை போடுகிறாள். சுபா பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறாள். உங்கள் மகள் உங்களை மாதிரியேதான் பேசுகிறாள், பாதிப் பேச்சிலேயே அடுத்த கேள்வி கேட்கிறாள். என்னைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

இந்தக் கடிதத்தை நானாக எழுத உட்காரவில்லை. அக்கா எழுதச் சொன்னாள். "எழுதுலே. நாலு பேர் வாசிக்கட்டும்" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு வர எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். உங்களுக்குப் பொறுமை கிடையாது, தெரியும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். சங்கரன்கோவிலில் கோல்ஃப் என்றாலே சிரிக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் மஸ்கட்டில் ஒரு கோல்ஃப் கிளப்பில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தோம். நீங்கள் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பைப் ஃபிட்டர். நான் மட்டைகளைப் பழுது பார்க்கிற அறையில். திங்கட்கிழமை மெம்பர்கள் வர மாட்டார்கள், அன்றைக்கு வேலைக்காரர்கள் ஆடிக்கொள்ளலாம். அப்படிக் கற்றுக்கொண்டதுதான். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நான் என் வீட்டு மாடியில் ஒரு மேசையைப் போட்டு, அதே வேலையைச் செய்கிறேன். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கூரியரில் மட்டைகள் வருகின்றன.

முதல் அடி அடிக்கிற பெரிய மட்டைக்கு டிரைவர் என்று பெயர். (அக்கா யாரிடமோ "என் தம்பி டிரைவருக்கெல்லாம் ரிப்பேர் பாக்குதான்" என்று சொல்லி, அவர்கள் என்னை எலும்பு வைத்தியன் என்று நினைத்துக்கொண்டதை நீங்கள் எத்தனை நாள் சொல்லிச் சிரித்தீர்கள்.) அந்த மட்டையில் கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவே உள்ள குழல்தான் ஷாஃப்ட். பார்க்க எல்லாம் ஒன்று போலக் கறுப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு வளையும். வேகமாக வீசுகிறவனுக்கு விறைப்பானது வேண்டும், அதன்மேல் எஸ் என்று எழுதியிருக்கும். நடுத்தர வேகத்துக்கு ஆர். வயதாகி வேகம் குறைந்தவர்களுக்கு நன்றாக வளைகிற ஏ. மெதுவாக வீசுகிற ஆளிடம் எஸ் ஷாஃப்டைக் கொடுத்தால் பந்து எழும்பாமல் தாழ்வாக வலது பக்கம் ஓடும். வேகமான ஆளிடம் ஏ கொடுத்தால் பந்து வானத்துக்கு ஏறி இடது பக்கம் போய் விழும். ஆளின் வேகத்தைப் பார்த்து ஷாஃப்டைத் தேர்ந்தெடுப்பதுதான் என் தொழில். வேகத்தைப் பார்க்க ஒரு மெஷின் உண்டு. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். பந்துக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டால், மட்டைத் தலை மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் வந்தது என்று சின்னத் திரையில் காட்டும்.

உங்கள் வேகம் நூற்றிநான்கு. பைப் ரெஞ்சைத் திருகித் திருகி வந்த தோள் அது. வெள்ளைக்கார மெம்பர்களே வேலியோரம் நின்று பார்ப்பார்கள். எஸ் ஷாஃப்ட் போட்ட உங்கள் டிரைவரை நீங்கள் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. ஏ ஷாஃப்டுக்கு நீங்கள் வைத்த பெயர் "தாத்தா குச்சி".

மஸ்கட்டில் எங்கள் பழுது அறையில் ஒரு வழக்கம் இருந்தது. இதை நான் உங்களிடம் அங்கேயே சொல்லியிருக்கிறேன். வயதான மெம்பருக்கு வேகம் குறைந்தால், குறைந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் அவருக்கு மனசு நோகும், மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுக் கத்துவார். அதனால் "கைப்பிடி தேய்ந்திருக்கிறது சார், மாற்றித் தருகிறேன்" என்று மட்டையை வாங்கி, உள்ளே கொண்டுபோய், இளகின ஷாஃப்டாகப் போட்டு, அதில் இருக்கிற எழுத்தைப் பெயிண்ட் தின்னரைத் தொட்டுத் துடைத்துவிட்டு, பழைய எழுத்து ஸ்டிக்கரையே ஒட்டிக் கொடுப்போம். மெம்பர் நாலு அடி அடிப்பார். பந்து முன்னைவிட நன்றாகப் போகும். சந்தோஷமாகச் சிரிப்பார். யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நாங்கள் நினைத்தோம். நீங்களும் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "நல்ல பொய்லே அது" என்றீர்கள்.

இனி வருவது உங்களுக்குத் தெரியாதது.

போன வருஷம் வைகாசியில் கொடைக்கானலுக்குப் போனோமே, பழைய மஸ்கட் ஆட்கள் எல்லாம் கூடி ஆடுகிற அந்த இரண்டு நாள். தூரமாக அடிக்கிற போட்டியில் மூன்று வருஷமாக நீங்கள்தான் முதல். அந்தத் தடவை இரண்டாவதாக வந்தீர்கள். மாலையில் தேநீர் குடிக்கும்போது நம்மோடு வேலை பார்த்த ஒருத்தர், "வே சங்கரலிங்கம், உமக்கும் தாத்தா குச்சி போடுற நாள் வந்துட்டு வே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சும்மா கேலிதான். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் வத்தலக்குண்டு இறங்குகிற வரைக்கும் வண்டியில் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் ஆனி மாதத்தில் ஒரு நாள் என்னைக் கரிசல் காட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். "மெஷினை வையிலே. எத்தனைன்னு சொல்லு" என்றீர்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தீர்கள். வெயிலில் அந்தத் திரை எனக்கே சரியாகத் தெரியாது. நான் குனிந்து கையை மறைவாக வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றேழு என்று இருந்தது. நிமிர்ந்தால் நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஐம்பத்தாறு வயது ஆள், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. "நூத்திரெண்டு அத்தான்" என்றேன்.

அத்தான், அது நூற்றிரண்டு இல்லை.

வருஷத்துக்குள் ஏழு மைல் குறைந்திருந்தது. வயதானால் குறையும்தான், ஆனால் ஒன்றோ இரண்டோ குறையும். பதினெட்டு வருஷம் இந்த வேலையைப் பார்த்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், அது எனக்குப் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முட்டை புரோட்டா வாங்கிக் கொடுத்தீர்கள்.

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் தொண்ணூற்றொன்று. பந்து தாழ்வாக வலது பக்கம் ஓட ஆரம்பித்தது. நீங்கள் காற்றைத் திட்டினீர்கள். நான் மஸ்கட் புத்தியைக் காட்டினேன். "கைப்பிடி தேஞ்சிருக்கு அத்தான், ரெண்டு நாளைக்கு மட்டையைக் குடுங்க" என்றேன். தலையைச் சூடாக்கிக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, ஆர் ஷாஃப்டைப் போட்டேன். எழுத்தைத் துடைத்துவிட்டு எஸ் ஸ்டிக்கரை ஒட்டினேன். நீங்கள் கையில் வாங்கியதும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, "ஏலே, லேசா இருக்கே" என்றீர்கள். "புதுக் கைப்பிடி அத்தான், அதான்" என்றேன். அடித்தீர்கள். பந்து உயரமாக எழும்பி நேராகப் போனது. "பாத்தியா, கைப்பிடிதான் கோளாறு!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தீர்கள். அந்த அடியில் பழைய பலம் இல்லை. அதையும் நான் கவனித்தேன்.

ஐப்பசியில் காட்டில் விதைத்துவிட்டார்கள். அதனால் என் மாடியில் வலை கட்டி அடித்தோம். வலைக்குள் அடித்தால் பந்து எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. மெஷின் சொல்வதுதான் கணக்கு, மெஷின் சொல்வதைச் சொல்வது நான். எண்பத்தைந்து என்று இருந்தது. "நூத்தி ஒண்ணு" என்றேன். அந்த வாரமே உங்கள் டிரைவரில் தாத்தா குச்சியை மாட்டி, எஸ் என்று ஒட்டினேன். மார்கழியில் ஆறு பந்து அடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நெற்றியில் வியர்வை. மார்கழிக் காலையில் என்ன வியர்வை என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. இதைவிட இளகின ஷாஃப்டை எங்கே வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் எழுபத்தெட்டு. "நூத்திரெண்டு அத்தான், மறுபடி ஏறிட்டு" என்றேன்.

மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நான்கு நாள். இதயம் வீங்கிப்போய், ரத்தத்தைத் தள்ளுகிற சக்தியில் முக்கால்வாசி போய்விட்டது என்றார் டாக்டர். "ஒரு ஏழெட்டு மாசமா உடம்பு காட்டிக்கிட்டேதான் இருந்திருக்கும். அப்பவே வந்திருந்தா மாத்திரையிலேயே பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்" என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழெட்டு மாசம் என்ற வார்த்தை என் காதில் விழுந்தபோது நான் விரல்விட்டு எண்ணினேன். ஆனி வரை போனது.

துஷ்டி கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா ஒரே கதையைச் சொன்னாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். "நான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு எத்தன தடவை சொன்னேன் தெரியுமா? 'ஏட்டி, உன் தம்பி மெஷின் வெச்சுப் பாத்தான். நூத்திரெண்டு காட்டுது. நெஞ்சுல கோளாறு உள்ளவன் நூத்திரெண்டு அடிப்பானாட்டி'ன்னு சொல்லுவாக. நாயகம் மெஷின்லயே தெரியலையே, நாம என்னத்தக் கண்டோம்? விதி." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். பதினாறாம் நாள் வரைக்கும் அதை நான் கேட்டேன் அத்தான். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் என்னை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தீர்கள். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது.

சித்திரையில் சுபா வந்தாள். வைகாசியில் கொடைக்கானலில் உங்கள் இடத்தில் அவள் ஆடப் போகிறாளாம். "அப்பா மட்டையிலதான் மாமா அடிப்பேன். ஆனா எஸ் ஷாஃப்ட் எனக்கு விறைப்பா இருக்கும். என் வேகத்துக்கு ஏத்தது போட்டுத் தாங்க" என்று டிரைவரை என் மேசைமேல் வைத்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். அவள் காபி குடிக்கக் கீழே போன நேரத்தில் நான் மட்டையை இடுக்கியில் மாட்டி, சூடாக்குகிற துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. ஷாஃப்டைக் கழற்றி உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டால் சாட்சி கிடையாது. நான் சாகிற வரைக்கும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விதி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அப்போது கைப்பிடியைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் பதிகிற இடத்தில் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. ஆடியில் புதிதாகப் போட்ட கைப்பிடி. நாம் சேர்ந்து ஆடின நாட்களில் நீங்கள் அடித்ததற்கு அவ்வளவு தேயாது. நீங்கள் தனியாகவும் போய் அடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்களுக்குள்ளே என்னவோ தட்டியிருக்கிறது, அதை நீங்களே தனியாகப் போய்ச் சரிசெய்யப் பார்த்திருக்கிறீர்கள். துப்பாக்கியை அணைத்துவிட்டேன்.

"சுபா, முதல்ல இதுலயே நாலு பந்து அடிச்சுப் பாரு மக்கா" என்று அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன்.

முதல் பந்து உங்கள் சிவப்புத் துணிக்குக் கொஞ்சம் முன்னால், நேராகப் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அடித்துவிட்டு அவள் மட்டையைத் திருப்பி அந்த எழுத்தைப் பார்த்தாள்.

"மாமா, இது எஸ்தானே?"

நான் அடுத்த பந்தை எடுத்து வைத்தேன்.

"எஸ்ல அடிச்சா எனக்கு வலது பக்கம்லா போகும்? இது எனக்கே செஞ்ச மாதிரி இருக்கே. என் வேகம் என்ன காட்டுது?"

குனிந்தேன். நிமிர்ந்தேன். "எழுபத்தொன்பது" என்றேன். அத்தனை மாதத்தில் அந்தத் திரையில் இருந்ததை உள்ளபடி வாசித்தது அன்றைக்குத்தான்.

"அப்போ அப்பா இதுல எப்படி அடிச்சாங்க? அப்பா நூத்திரெண்டுலா?"

மெஷினைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். அதில் ஒவ்வொருவர் பெயரிலும் பழைய எண்கள் நிற்கும். உங்கள் பெயரை அவளே தேடி எடுத்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அம்மாட்ட நீங்களே சொல்லுங்க மாமா. நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பந்துகளைப் பொறுக்கப் போனாள். நான் பொறுக்கப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அன்றைக்கு மதியமே போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷாஃப்ட், ஸ்டிக்கர், மஸ்கட் வழக்கம் எல்லாம். அவளுக்கு ஷாஃப்ட் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஆனியில எத்தன?"

"தொண்ணூத்தேழு."

"ஆனியிலதான் துணி வாளியைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனாக. பாதிப் படியில வெச்சுட்டுத் திரும்பி வந்துட்டாக. ஆடியில?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

"தபசுக் காட்சி அன்னைக்குத் தெற்கு ரத வீதியில நிக்க முடியலைன்னு ஒரு கடைப் படியில உக்காந்துட்டாக. கூட்டம் ஒத்துக்கலைன்னாக. பெறகு?"

"ஐப்பசியில எண்பத்தஞ்சு."

"ரெண்டு தலகாணி கேட்டாக. மல்லாந்து படுத்தா இருமல் வருதுன்னாக." கீரை அவள் கையிலேயே நின்றுவிட்டது. "மார்கழியில?"

"எழுபத்தெட்டு அக்கா."

"செருப்பு கடிக்குதுன்னாக. கால் வீங்கியிருந்துச்சு. நான் வேற செருப்பு வாங்கிக் குடுத்தேன்."

கையில் இருந்த கீரையை முறத்தில் போட்டாள். பிறகு சொன்னாள்: "நீ அந்த நம்பரை வெச்சுக்கிட்டு இருந்திருக்க. நான் ஆளைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ரெண்டு பேரும் ஒரு நாள் உக்காந்து பேசியிருந்தா அவுக இருந்திருப்பாகளேலே."

நான் அவள் காலைத் தொடக் கையை நீட்டினேன். காலை இழுத்துக்கொண்டாள். "எந்திரிச்சுப் போ" என்றாள். நம் வீட்டில் அக்கா என்னை அப்படிச் சொன்னது இல்லை. சின்ன வயதில் அம்மா அடித்தால் குறுக்கே வந்து விழுந்து அந்த அடியை வாங்கியவள் அவள்.

பன்னிரண்டு நாள் பேச்சு இல்லை. அவள் வீட்டிலிருந்து குழம்பு வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் பார்க்காத மாதிரிப் போனாள். நான் சமைக்கவும் இல்லை, வந்த மட்டைகளைத் தொடவும் இல்லை. ஒரு நாள் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு வந்தேன். சாமியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டியது உங்களிடம்.

பதின்மூன்றாம் நாள் காலையில் அக்காவும் சுபாவும் என் மாடிக்கு வந்தார்கள். அக்கா அந்த அறைக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை. நீங்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊர் பூரா மெஷின்லயே தெரியலைன்னு சொல்லியிருக்கேன். உன் பொய்யை நானும் தெருத் தெருவா வித்திருக்கேன். வீடு வீடாப் போய் இல்லைன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நீ எழுது. அவுகளுக்கே எழுது. எழுதி நாலு பேர் வாசிக்கட்டும். வாசிக்கிறவுகளாவது வீட்டுல உள்ளவுகளைத் திரும்பிப் பாப்பாக."

எழுதுகிறேன் என்றேன். தண்ணீர் கொண்டுவரக் கீழே போய் மேலே வந்தேன். செம்பைக் கையில் வாங்காமல் அக்கா என்னையே பார்த்தாள்.

"என்னலே, படி ஏறினதுக்கு இப்படி மூச்சு வாங்குதே உனக்கு?"

"சரியாச் சாப்பிடலக்கா, அதான்."

"சுபா, அந்த மெஷினை எடு" என்றாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அக்கா உத்தரவு போட, உங்கள் மகள் மெஷினோடு குனிந்து நிற்க, நான் வலைக்குள் அடித்தேன். சுபா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தாள். "எண்பத்திரெண்டு மாமா. போன வருஷம் எண்பத்தொன்பதுன்னு இதுல நிக்குது" என்று பளிச்சென்று வாசித்தாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்று நின்றேன்.

அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "சட்டையைப் போடு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றாள்.

ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. இதயத்தில் லேசான வீக்கம், ஆரம்பம்தானாம். காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒன்று. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இவ்வளவுதான் அத்தான். ஒருத்தி எண்ணை உள்ளபடி வாசித்தாள், இன்னொருத்தி கிளம்பு என்றாள். அரை நாளில் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அக்கா பார்த்தாள். மறுநாள் உப்புக் குறைத்த குழம்பு வந்தது.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. குழம்பு வருகிறது, பேச்சு இன்னும் பழையபடி வரவில்லை. நான் கேட்கவும் போவதில்லை.

நாளை மறுநாள் கொடைக்கானலுக்குப் போகிறோம். அக்காவும் வருகிறாள், ஸ்வெட்டரை இப்போதே எடுத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறாள். சுபாவுக்கு உங்கள் டிரைவரில் எதையும் மாற்றவில்லை. அவளுக்கு அது சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் செய்தேன். எஸ் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து எடுத்துவிட்டு, வெள்ளைப் பெயிண்டில் ஏ என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. தேநீர் நேரத்தில் பழைய ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, இந்தக் கடிதத்தை நானே வாசிக்கப் போகிறேன். நீங்கள் இரண்டாவதாக வந்தது வயதால் இல்லை என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அத்தான், இனி என் மேசைக்கு வருகிற எவருக்கும் எழுத்தை மாற்றி ஒட்ட மாட்டேன். திரையில் இருப்பதை இருக்கிறபடி வாசிப்பேன். வாசித்துவிட்டு ஷாஃப்ட் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், அந்த ஆளை உட்காரவைத்து, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எத்தனை தலையணை, செருப்பு கடிக்கிறதா என்று கேட்பேன். பைத்தியக்காரன் என்று சொல்லட்டும்.

மார்கழிக் காலையில் நீங்கள் அந்த நாற்காலியில் வியர்வையோடு உட்கார்ந்து, "எத்தனைலே?" என்று கேட்டீர்கள். ஐந்து மாதம் தாமதமாகப் பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டு, அத்தான். மட்டையைக் கீழே வையுங்க. சட்டையைப் போடுங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

உங்களுக்கு உண்மையை வாசித்துச் சொல்லியிருக்க வேண்டிய மச்சினன்,
கோமதிநாயகம்
சங்கரன்கோவில்